முதல் சிடி முடியும் இடம்

இப்போதெல்லாம் ஒரு படம் தியேட்டருக்கு வந்த சூடு ஆறுவதற்குள் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. வந்த பிறகு கொண்டாடுவதும் இல்லை. பாதி பார்த்துவிட்டுத் தூங்கிப்போகிறோம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு படத்தின் சிடி வருவதற்கு எட்டு மாதம் காத்திருந்தோம். நாங்கள் என்றால் அம்மா, நான், தம்பி. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

தம்பியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். என்னைவிட ஐந்து வயது இளையவன். பிறக்கும்போது நெடுநேரம் அழவில்லை என்று அம்மா சொல்வாள். அதற்குப் பிறகு அவன் மனசு நாலு வயசிலேயே நின்றுவிட்டது. உடம்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. இன்றைக்கு அவனுக்கு முப்பத்தைந்து முடிந்துவிட்டது, தாடியில் நரை எட்டிப் பார்க்கிறது, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் இருந்தோம். அம்மா நூல் மில்லில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தாள். மில்லுக்கு எதிர்ச் சுவரில் ஒரு இங்கிலீஷ் படத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தமிழில் பேசும் படம்தான். செம்புக் கலரில் கவசம் மாட்டிய ஒருத்தன், இடிந்து விழும் அணைச் சுவரை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்பான். தம்பி அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றால் வரமாட்டான். அம்மாவுக்கு மனசு கேட்காமல் அவனைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனாள். விளக்கை அணைத்ததும் அவன் போட்ட சத்தத்தில் தியேட்டரே எழுந்து நின்றுவிட்டது. பின்சீட்டில் இருந்து ஒருத்தன் "பைத்தியத்தை எல்லாம் எதுக்குக் கூட்டிட்டு வாரிய" என்றான். அம்மா தம்பியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவனுக்கு அப்போது பதினான்கு வயது, அவள் உயரம் வந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் அவள் சபதம் மாதிரிச் சொன்னாள், அந்தப் படத்தை வீட்டுக்கே கொண்டுவருவேன் என்று. ராஜபாளையத்துக் கடைகளில் கிடைத்ததெல்லாம் திருட்டு சிடி. திரைக்கு நடுவில் யாராவது எழுந்து போவார்கள், எவனாவது இருமுவான். இருட்டாகவும் இருக்கும். தம்பிக்கு இருட்டு ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்காரர் மட்டும் ஒரிஜினல் வரவழைத்து விற்பார். அம்மா ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் அவரிடம் கேட்டுவிட்டு வருவாள். அவர் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்பார். அவர் வாயில் அந்த வார்த்தை வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் மூன்று பேரும் அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகியிருந்தோம்.

வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா சாப்பாட்டுப் பைக்குள் தூக்குவாளிக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில் அதை வைத்துக் கொண்டுவந்தாள். அட்டைப்பெட்டி, அதன்மேல் கண்ணாடிக் காகிதம், மூலையில் வானவில் மாதிரி மினுங்கும் ஒரு ஸ்டிக்கர். உள்ளே இரண்டு சிடி. பக்கத்து வீட்டுப் பிளேயரை அன்றைக்கு இரவல் வாங்கினோம், பிறகு தவணையில் ஒன்று வந்தது. தெருவே வந்து உட்கார்ந்தது. படத்தில் கவசக்காரன் பகலில் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். வில்லன் மெட்ராஸ் பாஷை பேசினான், அவனுடைய கையாள் கோயம்புத்தூர்க்காரன் மாதிரி "ஏனுங்க" போட்டான். அமெரிக்காவில் இத்தனை ஊர்க்காரர்களா என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். தம்பி சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வாழ்க்கையில் முழுதாகப் பார்த்த முதல் படம் அது.

அதற்குப் பிறகு அவன் வேறு படமே பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல், தினமும் நாலு மணிக்கு அதே படம். அம்மா மூன்றரைக்கு மில்லிலிருந்து வருவாள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும், முகம் கழுவிவிட்டுப் படத்தைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். கவசக்காரன் அணைக்கு முதுகைக் கொடுக்கும் இடத்தில் முதல் சிடி முடிந்துவிடும். திரை நீலமாக ஆகும். "ஏலே, செத்த பொறு, மாத்துதேன்" என்று அடுப்படியில் இருந்து குரல் வரும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த சிடியைப் போடுவாள். அப்படியே ஒரு டம்ளர் டீயும் ஒரு கை காராச்சேவும் அவனுக்கு வரும். நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டேன், அம்மா மில்லில் இருந்து நின்றுவிட்டாள், உலகத்தில் சிடி என்கிற சாமானே ஒழிந்துபோனது. அந்த வீட்டில் மட்டும் நாலு மணிப் படம் நிற்கவில்லை. நான் போகும்போதெல்லாம் எரிச்சல்படுவேன். வேறு எதையாவது பழக்கும்மா என்பேன். அவன் வேறு என்னத்தைக் கேட்டான் என்று திருப்பிக் கேட்பாள்.

போன ஆவணியில் ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு காரியம் செய்தோம். இரண்டுமே எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஒன்று, தம்பியைப் பிணத்தைப் பார்க்கவிடவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகள் பார்த்தால் பயந்துவிடும், கத்தி ஊரைக் கூட்டிவிடும், வந்தவர்களுக்கும் சங்கடம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சித்தி அவனைக் கையோடு தன் ஊரான மகாராஜபுரத்துக்குக் கூட்டிப்போனாள். அவன் அடம்பிடிக்கக் கூடாது என்று என் போனைக் கொடுத்து, அந்தப் படத்தை அதில் தேடிப் போட்டுக்கொடுத்தது நான்தான். பதினாறு நாள் அங்கே இருந்தான். ஒவ்வொரு நாளும் போனில் பார்த்தான் என்று சித்தி சொன்னாள்.

இரண்டாவது காரியம், அம்மாவின் துணிமணி. எங்கள் வழக்கத்தில் இறந்துபோனவர்களின் உடுப்பைப் பிரித்துப் பார்ப்பதில்லை. மடிப்புக் கலையாமல் மூட்டையாகக் கட்டி மயானத்துக்கு அனுப்பிவிடுவோம். நான்தான் கட்டினேன். அழுதுகொண்டே இரண்டு முடிச்சாகப் போட்டேன். அம்மா முப்பது வருஷம் மில்லில் பஞ்சோடு மல்லுக்கட்டியவள், தூசியைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சிடிகளை எப்போதும் ஒரு பட்டுச்சேலையின் மடிப்புக்குள்தான் வைத்திருப்பாள். எனக்கு அது தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். அந்த நேரத்தில் மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. பிளேயர் டிவிக்குக் கீழே அப்படியே இருந்தது. படம் அம்மாவோடு எரிந்துவிட்டது.

பதினாறு முடிந்ததும் தம்பியை அந்தப் பிளேயரோடு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். முதல் நாள் நாலு மணிக்கு அவன் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அம்மா எங்கே என்று கேட்டான். வேலைக்குப் போயிருக்கா, வருவா என்றேன். சித்தியும் அவனுக்கு அதைத்தான் சொல்லியிருந்தாள். வாயில் அதுதான் வந்தது. போனில் படத்தைப் போட்டுக்கொடுத்தேன். பாதிவரை பார்த்தான். பிறகு போனைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பிறகு தலையை அடித்தான்.

அது தினமும் நடந்தது. டிவியில் போட்டாலும் அதே கதை, பாதிப்படம் தாண்டமாட்டான். பென் டிரைவில் ஏற்றிப் போட்டுப் பார்த்தோம். அதுவும் பலிக்கவில்லை. நெற்றியில் காயம் ஆறுவதற்குள் அதன்மேல் இன்னொரு காயம். சாப்பாட்டைத் தள்ளிவிட ஆரம்பித்தான். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தான். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார், அதில் தூங்கித் தூங்கி விழுந்தான், விழிப்பு வந்ததும் மறுபடி சுவரைத் தேடினான். ஒருநாள் பீரோக் கண்ணாடியில் முட்டிவிட்டான். அதன்பிறகு என் வீட்டுக்காரர் மதுரையில் உள்ள ஒரு ஹோமில் இருந்து விண்ணப்பம் வாங்கிவந்தார். அவர் கெட்டவர் இல்லை, தம்பியைக் குளிப்பாட்டிவிடுகிறவரே அவர்தான்.

"எனக்கு மட்டும் பாவமா இல்லையா? நாளைக்கு அவன் கண்ணுல கண்ணாடி பட்டா யாரு பதில் சொல்றது?" என்றார்.

தை பிறக்கும்வரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவர் விண்ணப்பத்தைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தார். நான் சமையலுக்குப் போகும்போதெல்லாம் அது நுனி தெரிய எட்டிப் பார்த்தது. அந்த ஹோமை நான் ஒருதரம் போய்ப் பார்த்திருக்கிறேன். சுத்தமாகத்தான் இருந்தது. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதை மட்டும் என்னால் வீட்டில் சொல்ல முடியவில்லை.

எனக்கு ஒன்று உறுதியாகப்பட்டது. போனில் வரும் படத்தில் குரல்கள் வேறு. வில்லன் மெட்ராஸ் பாஷை பேசவில்லை, எல்லோரும் செய்தி வாசிப்பது மாதிரி சுத்தத் தமிழ் பேசினார்கள். இருபது வருஷம் ஒரு குரலைக் கேட்டவனுக்கு வேறு குரலைக் கொடுத்தால் பொறுப்பானா? எனவே அந்தப் பழைய சிடி வேண்டும். அது கிடைத்தால் அவன் பிழைத்துக்கொள்வான், கிடைக்காவிட்டால் ஹோம். அவ்வளவுதான் கணக்கு. மார்கழி முழுக்க நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சிடி தேடி அலைந்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் அந்த 'அடுத்த வாரம்' கடைக்காரரிடம் போனேன். அதே இடத்தில் இப்போது போன் உறை விற்கிறார். அம்மாவை அவருக்கு ஞாபகம் இருந்தது. சங்கதியைக் கேட்டுவிட்டு, "இருந்த அம்புட்டையும் மச்சினன் தோப்புக்குக் கொடுத்துட்டேன்மா. கிளி கொய்யாவை அழிக்குது, கட்டித் தொங்கவிடணும்னு கேட்டான்" என்றார். தோப்பு கூமாப்பட்டியில். அந்தப் பக்கம் போகும் வத்திராயிருப்புப் பஸ்ஸைப் பிடித்தேன்.

அந்தத் தோப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மலை அடிவாரம், நல்ல வெயில். ஒவ்வொரு கொய்யா மரத்திலும் ஏழெட்டு சிடி நூலில் தொங்கிச் சுழன்றுகொண்டிருந்தது. எங்கள் பக்கத்துத் தோப்பிலும் வயலிலும் இது புதுசு இல்லை, பஸ்ஸில் போகும்போது கண்ணைக் கூசும், திரும்பிக்கொள்வோம். இப்போது ஒவ்வொரு மரமாக நின்று, சுழல்வதைக் கையால் பிடித்து நிறுத்தி, பெயரைப் படித்தேன். பாதிக்குமேல் வெயிலில் வெளிறி எழுத்தே இல்லை. காதல் படம், சாமி படம், யாரோ ஒருவருடைய காதுகுத்து. கிளிகள் பக்கத்திலேயே உட்கார்ந்து கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தன, அவை பழகிவிட்டன போலிருக்கிறது. தோட்டக்காரர் நான் கணக்கெடுக்க வந்தவள் என்று நினைத்துப் பவ்வியமாகக் கூடவே வந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு, கிணற்றோரத்து மரத்தில் அது அகப்பட்டது. செம்புக் கவசம் வெளிறி எலும்பு நிறத்துக்கு வந்திருந்தது. கீழே இரண்டு என்று போட்டிருந்தது. முதல் சிடியைத் தேடி மீதி எல்லா மரத்தையும் பார்த்தேன். இல்லை. கிடைத்ததைக் கழுவித் துடைத்து வீட்டில் போட்டுப் பார்த்தால், பிளேயர் கறகறவென்று அரைத்துவிட்டு வெளியே துப்பியது. அன்றைக்குத் தம்பியின் காயத்துக்கு மருந்து போடும்போது அவனை ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

கடைக்காரரிடம் மறுபடி போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கே முகம் வாடிவிட்டது. யோசித்து யோசித்து ஒன்று சொன்னார். ஒரிஜினல் இரண்டே இரண்டுதான் ராஜபாளையத்துக்குப் போனதாம். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று, மில் ஆபீசில் பெரிய வேலையில் இருந்தவர் மகனுக்கு. தெருப் பெயர் தெரியவில்லை. வாசலில் வெள்ளை நாய் நிற்கும், தெலுங்கு பேசுவார்கள் என்றார். ராஜபாளையத்தில் இந்த இரண்டு அடையாளத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைத் தேடுவது எப்படி என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும், அங்கே தெருவுக்குத் தெரு அந்த நாயும் உண்டு, தெலுங்கும் உண்டு. நான்கு நாள் ஆனது. மூன்று நாய்கள் என்னை விரட்டின.

ஐந்தாம் நாள் சரியான வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா திறந்தார்கள். கணவர் இறந்துவிட்டார், மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். அவனுடைய கோப்பைகள், பொம்மைக் கார்கள், அவற்றுக்கு நடுவில் அந்த அட்டைப்பெட்டி நின்றது. நான் என்ன சொல்லவந்தேன் என்பதே மறந்துபோய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வானவில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

தரமுடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். அது எங்கள் அப்பாயிக்கு, அதாவது மகனுக்கு, உயிர், வந்தால் முதலில் ஷோகேஸைத்தான் பார்ப்பான் என்றார்கள். நான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். ஹோமைப் பற்றிச் சொன்னேன். போனில் இருந்த அவன் நெற்றியைக் காட்டினேன். சொல்லச் சொல்ல என் குரல் போன போக்கு எனக்கே அசிங்கமாக இருந்தது. கடைசியில் அவர்கள் காலைத் தொடக் குனிந்துவிட்டேன். ஒரு சினிமா சிடிக்காக. அந்த அம்மா என் தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார்கள். சாவி எடுத்து ஷோகேஸைத் திறந்தார்கள். பெட்டியைத் தன் சேலையில் ஒருமுறை துடைத்து என் மடியில் வைத்தார்கள்.

"கொண்டுபோம்மா. அவன் வந்து ஏழு வருஷமாச்சு" என்றார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கே பிளேயரைத் துடைத்து, ஒயர் எல்லாம் மாட்டித் தயாராக வைத்தேன். என் வீட்டுக்காரரும் அரைநாள் லீவில் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாலு மணி. தட்டு வெளியே நீண்டது, சிடியை வைத்தேன், உள்ளே போனது. அந்தச் சத்தத்துக்கே தம்பி நிமிர்ந்தான். கம்பெனிப் படம், எச்சரிக்கை எழுத்து, அதற்குப் பிறகு அந்தப் பழைய குரல். மெட்ராஸ் வில்லன் "இன்னாடா" என்றதும் தம்பி சிரித்தான். ஐந்து மாதத்தில் அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பாதிப்படம் நெருங்கியது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அணைச் சுவர் விரிசல் விட்டது, கவசக்காரன் ஓடிப்போய் முதுகைக் கொடுத்தான், திரை நீலமாகிவிட்டது.

அடுத்த சிடியை மாற்ற எழுந்தேன். தம்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வேண்டாம். அம்மா" என்றான்.

எழுந்து போய் அடுப்படியை ஒட்டிய பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவைத்தான். திரும்பிவந்து சம்மணம் போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. கண் கதவின்மேல் இருந்தது.

அப்போதுதான் எனக்குப் புத்தியில் ஏறியது. குரலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. படம் நின்றால் அம்மா வருவாள். இருபது வருஷமாக அவனுக்குத் தெரிந்த ஒரே விதி அது. போனில் ஓடிய படம் நிற்கவே இல்லை. மகாராஜபுரத்தில் பதினாறு நாளும் அது நிற்காமல் ஓடியது, பதினாறு நாளும் அவள் வரவில்லை. என் வீட்டிலும் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தைத் தாண்டி ஓடியபோது, அவள் வரும் வழியை நாங்கள் அடைக்கிறோம் என்று நினைத்திருக்கிறான். அதற்குத்தான் முட்டினான். நான் இரண்டு ஊரையும் கூமாப்பட்டியையும் அலசி, ஒரு தாயின் காலில் விழுந்து, அவனுக்குக் கொண்டுவந்து கொடுத்தது படத்தை அல்ல. அம்மா இதோ வந்துவிடுவாள் என்ற அந்த நீலத்திரையைத்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

அம்மாவின் முகத்தைக் கடைசியாக அவனுக்குக் காட்டியிருந்தால், சத்தம் போட்டிருப்பான், நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். சாவு என்றால் என்ன என்று நாய்க்கும் மாட்டுக்கும் தெரிகிறது. இவனுக்குத் தெரியாது என்று நாங்களாக முடிவுகட்டினோம். அந்தப் பெரியவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. போனைக் கொடுத்து அனுப்பியவள் நான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "ஏலே, அம்மா செத்துப்போயிட்டா. இனிமே வரமாட்டா."

அவன் என்னைப் பார்த்தான். கோபப்படவில்லை. உள்ளங்கையால் என் வாயை மூடினான், இறுக்காமல், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது மாதிரி. பிறகு பிளேயரைக் காட்டி, "முதல்ல இருந்து போடு" என்றான். போட்டேன். மறுபடி அணை விரிசல் விட்டது, மறுபடி நீலம், மறுபடி கதவைப் பார்த்தான். இருட்டும்வரை பார்த்தான். பிறகு தானாகவே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஐந்து இட்லி சாப்பிட்டான்.

அன்றைக்கு நெற்றியில் புதுக் காயம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. முதல் சிடி முடியும், காத்திருப்பான், நாளைக்கு வருவாள் என்று அவனே முடிவுசெய்துகொண்டு சாப்பிட வருவான். இரண்டாவது சிடியைத் தொடவிடமாட்டான், அது அம்மாவுடைய வேலை. ஒரு வாரத்தில் கன்னம் தேறியது. என் வீட்டுக்காரர் காலண்டருக்குப் பின்னால் இருந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டார். கெட்டிக்காரிதான் என்று என்னைப் பாராட்டினார். சித்தி போனில் அழுதாள், உங்கம்மா ஆத்மா இப்பத்தான் சாந்தியாகும் என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பத்தாவது நாள் மனசு பொறுக்காமல், அம்மாவின் படத்துக்கு மாலை போட்டு அவனிடம் காட்டி, மறுபடியும் சொன்னேன். மெதுவாக, புரியும்படி, மூன்று தடவை. அன்றைக்கு அவன் என் வாயை மூடவில்லை. கேட்டுக்கொண்டான். பிறகு எழுந்து போய்ச் சுவரில் முட்டினான். நானும் வீட்டுக்காரருமாகப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மாலையைக் கழற்றிப் படத்தை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். வீட்டுக்காரர், விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்ட குப்பைக்கூடையைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சாயந்திரம் சிடியைப் போட்டேன். திரை நீலமானது. நானே எழுந்து போய்ப் பின்கட்டுக் கதவைத் திறந்துவைத்தேன். அவன் கதவையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். இருட்டியது. தட்டை அவன் முன்னால் வைத்துச் சோற்றைப் பிசைந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கு வருவாளாக்கா?" என்று கேட்டான்.

"வருவாலே. சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டான்.